சின்ன டிரம் பற்றிய தீர்மானம்

செகண்டி,
5 பிப்ரவரி 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு அமர்வுகளுக்கும் இரண்டு ஜெபங்களுக்கும் ஒரு வெளிநடப்புக்கும் பிறகு, நம் தேவாலயத்தின் இசைக் கமிட்டி, வாங்கப்போகும் டிரம் செட்டைக் குறிப்பேட்டில் ‘டிரம்’ என்று எழுதுவதில்லை என்று ஏகமனதாக முடிவு செய்திருக்கிறது. இனி அது ‘தாளக் கருவித் தொகுதி’. வெளிநடப்புச் செய்தவர் ‘தொகுதி’ என்ற சொல்லை எதிர்த்தவர். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் திரும்பி வந்து ஆதரித்தார். கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் இதை உங்களுக்கு முதலில் தெரிவிக்கிறேன்.

சொல்லும் அவசரத்தில் நலம் விசாரிக்கவில்லை. அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே ஹர்மட்டான் காற்றின் தூசியில் எல்லாருக்கும் இருமல். மற்றபடி சுகம்.

விஷயம் இதுதான். பக்கத்துத் தகரக் கூரைச் சபைக்காரர்கள் புது டிரம் செட் வாங்கிவிட்டார்கள். அதிலிருந்து நம் இளைஞர்கள் பிரசங்கத்துக்கு இங்கேயும் பாட்டுக்கு அங்கேயும் போகிறார்கள். காணிக்கைத் தட்டு பாட்டின்போதுதான் சுற்றுகிறது.

எஸ்ஸிகாடோ ரிதம் பாய்ஸ் பேண்டை நடத்திய ஆர்க்கோர்ஃபுல் நவம்பரில் இறந்துபோனார் அல்லவா, அவருடைய டிரம் செட் விலைக்கு வருகிறது. 1961இல் லண்டனிலிருந்து கப்பலில் வந்தது. நீங்கள் பதினோரு வருடம் வாசித்ததும் அதேதான். அதன் மதிப்பு என்ன என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் இந்த ஊரில் ஒருவர்தான் மிச்சம். உங்களோடு அந்த பேண்டில் டிரம்பெட் ஊதிய ஓட்டூ. இப்போது நம் தேவாலயக் காவலாளி. மூன்று சாவிகளும் அவரிடம். பின்னால் இருக்கும் அறையில் குடியிருக்கிறார்.

ஆனால் கதை உங்களுக்குத் தெரியும். 1982இல் ஊரடங்கு தொடங்கிய முதல் நாள், மாலை ஆறு மணிக்கு எல்லாரும் ஒத்திகையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினார்கள். காலையில் பார்த்தால் சின்ன டிரம்மைக் காணோம். மண்டபச் சாவி ஓட்டூவிடம் இருந்தது. பதினாலு வருடமாக அதை யாரும் நிரூபிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அந்தப் பேச்சைச் சபையில் யாரும் எடுக்கக் கூடாது என்ற ஏற்பாட்டில்தான் பழைய போதகர் அவருக்கு வேலை கொடுத்தார். திருட்டு என்று குறிப்பேட்டில் ஒரு தடவை ஏறிவிட்டால் சாவி போகும், சாவியோடு அறையும் போகும். ஆகவே அவரைக் கருவியின் அருகில் விடுவதில்லை என்று முடிவாயிற்று.

மிச்சம் இருப்பது நீங்கள். எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

கீழ்ப்படிந்த தம்பி,
ஏக்கோ பென்ட்சில்


குமாசி,
27 பிப்ரவரி 1996

தம்பி ஏக்கோவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லாரும் நலம். அராபாவின் முழங்கால் அப்படியேதான். கடையில் வியாபாரம் பரவாயில்லை. சுவாமே பட்டறைத் தெருக்களில் பழைய லாரி உள்ளவரை உதிரிச் சாமான் விற்பவன் பட்டினி கிடக்க மாட்டான்.

அந்தச் செட்டை வாங்காதே. முப்பத்தைந்து வருடத்து மரம். கரையான் இருக்கும். புதிதாக வாங்குங்கள். பழையதை எதற்குக் கிளற வேண்டும்?

ஓட்டூ நன்றாக இருக்கிறாரா? அவருக்கு அந்த அறை வசதியாக இருக்கிறதா? கூரை ஒழுகுகிறதா?

அண்ணன்,
கோபினா


செகண்டி,
10 மார்ச் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைக் கமிட்டியில் வாசித்தேன். கரையான் பற்றிய வரி பாராட்டப்பட்டது. கூரை பற்றிய கேள்வி மட்டும் யாருக்கும் புரியவில்லை. தலைவர் டாட்ஸீ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அல்லவா, அதைப் பாடத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று தள்ளிவிட்டார். உங்களுக்காகப் பார்த்தேன். ஒழுகுகிறது.

புதிது வாங்க நம்மால் ஆகாது. எனவே சனிக்கிழமை ஆர்க்கோர்ஃபுல்லின் தாய்வழிக் குடும்பத்துக்குப் போனோம். பிள்ளைகளுக்கு அதில் உரிமை இல்லை, சகோதரி பிள்ளைகளான மருமகன்களுக்குத்தான். இருந்த நான்கு மருமகன்களும் வேட்டி துணிகளைப் பிரிப்பதுபோல் டிரம் செட்டையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டிரம் மூத்தவனுக்கு. அவன் அதில் கோழித் தீனி வைத்திருந்தான். பித்தளைத் தட்டுகள் டாக்ஸி ஓட்டுபவனுக்கு. குடும்பத் தலைவர் ஐனூசன் எல்லாவற்றையும் முற்றத்துக்கு வரவழைத்தார்.

வாசிப்பவர் உட்காரும் முக்காலி மட்டும் வரவில்லை. கேட்டேன்.

“அது விற்பனைக்கு இல்ல, மிஸ்டர் பென்ட்சில். செத்தவரோட ஆசனம். வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு வழக்கப்படி சாய்ச்சு வச்சிருக்கோம்.”

“ஐயா, அது இரும்பு முக்காலி. உயரம் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கும்.”

“எங்க பெரியவருக்குத் திருகு வச்ச ஆசனம். அதுல உங்களுக்கு என்ன?”

ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டேன். நம் டிரம்காரர் ஞாயிறு பள்ளி பெஞ்சில் உட்காருவார்.

குழப்பம் அடுத்தது. ஐனூசன் எட்டு லட்சம் சேடி கேட்கிறார். “எல்லாம் முழுசா இருக்கு. சின்ன டிரம்மும் இருக்கு, பாருங்க” என்கிறார். உண்மையாகவே ஒரு சின்ன டிரம் இருந்தது. அது காணாமல் போனதாகத்தான் பதினாலு வருடமாக நாங்கள் ஓட்டூவுக்கு வணக்கம் சொல்லும்போது கொஞ்சம் தாமதித்துச் சொல்லி வந்தோம்.

திரும்பும் வழியில் தலைவர் விளக்கினார். “அது அசல்னா ஓட்டூ திருடல, விலை எட்டு லட்சம். அசல் இல்லைன்னா ஓட்டூ திருடினார், விலை அஞ்சுக்கு மேல தர வேண்டியதில்ல.” கமிட்டியில் யாருக்கும் ஓட்டூ மேல் விரோதமில்லை. ஆனால் மூன்று லட்சம் வித்தியாசம்.

அசல் சின்ன டிரம்மை எப்படி அடையாளம் காண்பது?

தம்பி,
ஏக்கோ


குமாசி,
2 ஏப்ரல் 1996

தம்பி ஏக்கோவுக்கு,

நலம். கடிதம் தாமதம். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

அசல் சின்ன டிரம் பதினாலு அங்குல வட்டம். மரம் மூன்று அடுக்கு, உள்ளே வெள்ளையடித்த மாதிரி ஒரு பூச்சு. வெளியே முத்துச்சிப்பி நிறத் தகடு. வெயில் பட்ட பக்கம் மட்டும் பழுத்த மஞ்சள். இழுத்துக் கட்டும் திருகு எட்டு. அதில் ஒன்று வேறே. சைக்கிள் கடையில் செய்து போட்டது, கொஞ்சம் நீளம், முழங்காலில் இடிக்கும். அடித்தோலுக்குக் கீழே மெல்லிய கம்பிச் சுருள் ஓடும். உயிரே அதுதான். யாரும் தொடாவிட்டாலும் பக்கத்தில் ஏதாவது ஒலித்தால் தானாகச் சரசரக்கும். ஒரு மனிதன் பேசினால்கூடக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். கூடத்தில் நான் மூச்சு விட்டால் அதற்குத் தெரியும் என்று ஆர்க்கோர்ஃபுல் சொல்வார்.

ஆனால் இதையெல்லாம் நீங்கள் பார்க்க வேண்டாம். நான் வாசித்தவன். அந்த வீட்டில் இருப்பது அசல்தான். இத்துடன் தனித்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைக் கமிட்டியில் வாசித்துவிட்டு எட்டு லட்சத்தைக் கொடுத்து முடியுங்கள்.

அராபா விசாரித்தாள்.

அண்ணன்,
கோபினா


செகண்டி,
16 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். எல்லாரும் சுகம்.

கம்பிச் சுருள் பற்றிப் படித்தவுடன் எனக்கு உங்கள் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு முந்திய கிறிஸ்துமஸில் வந்தபோது, வட்டமான ஒரு சின்ன ஸ்டாண்டின் மேல் துணி விரித்து அண்ணி ரேடியோ வைத்திருந்தார்களே, செய்தி வாசிக்கும்போதெல்லாம் அடியில் இருந்து சரசரவென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. “பழைய ரேடியோ” என்றார்கள் அண்ணி. அந்த மாதிரிச் சத்தம்தான் என்று கமிட்டிக்கு உதாரணம் சொன்னேன். நன்றாகப் புரிந்தது என்றார்கள்.

பரிசோதனைக்காக எல்லாவற்றையும் தேவாலயக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் தலைவருக்குப் பரிசோதனை என்றால் விடமுடியாது. பாடகர் குழுவை நிற்க வைத்து ஒரு கீர்த்தனை பாடச் சொன்னார். ஏழு பேர் கொண்ட கமிட்டி சின்ன டிரம்மின் மேல் குனிந்து காத்திருந்தது. அது ஒரு வார்த்தை பேசவில்லை. மாதர் சங்கத் தலைவி திருமதி எஜியிர் அதன் அருகில் போய், “வணக்கம்” என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

பிறகு உங்கள் சான்றிதழை வாசித்தேன். அசல் என்று நீங்களே எழுதியிருப்பதால், அதற்கு இன்று உடம்பு சரியில்லையோ என்று ஒரு கருத்து எழுந்தது. ஏறக்குறைய தீர்மானமாகியிருக்கும். அப்போது கதவருகே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. ஓட்டூ.

“ஐயா, மன்னிக்கணும். அது எங்க டிரம் இல்ல.”

தலைவர், “உங்களை யாரும் கேக்கல, மிஸ்டர் ஓட்டூ” என்றார்.

“கேக்கலதான். ஆனா சபைக் காசு. அது பள்ளிக்கூடப் பிள்ளைங்க அணிவகுப்புல கழுத்துல மாட்டி அடிக்கிறது. பக்கத்துல பாருங்க, பெல்ட் கொக்கி இருந்த ஓட்டை. மெழுகு வச்சு அடைச்சிருக்காங்க. எங்க பெரியவர் அப்புறமா இதை வச்சு ஒப்பேத்தியிருப்பார், பாவம்.”

பார்த்தோம். ஓட்டை இருந்தது.

“கோபினா பென்ட்சில் இதை அசல்னு எழுதியிருக்காரே?” என்று தலைவர் கேட்டார்.

ஓட்டூ உங்கள் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “கோபினாவா எழுதினான்?” என்று மட்டும் கேட்டார். பிறகு தாளை மடித்துக் கொடுத்துவிட்டு விளக்கு துடைக்கப் போய்விட்டார்.

அவர் சும்மா இருந்திருந்தால் அன்றே நிரபராதி ஆகியிருப்பார். ஆனால் திருமதி எஜியிர் கேட்டார். “அசல் எதுன்னு இந்த மனுஷனுக்கு இவ்வளவு துல்லியமா எப்படித் தெரியும்?”

நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் அண்ணா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தம்பி,
ஏக்கோ


செகண்டி,
12 மே 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? அண்ணியாவது இரண்டு வரி எழுதலாம்.

தொகுதி வாங்கியாயிற்று. ஐந்து லட்சம். சின்ன டிரம் அசல் இல்லை என்று சொன்னதும் ஐனூசன் கோபப்பட்டார். “அப்ப எங்க குடும்பம் உங்களை ஏமாத்துதுன்னு சொல்றீங்களா?” தலைவர் அவரைச் சமாதானப்படுத்தினார். அசல் திருடு போனது, குடும்பத்தின் மேல் தப்பில்லை என்றார். “அப்ப திருடன் பேரை எழுதிக் குடுங்க. எழுத்துல வேணும். நாளைக்கு எங்க பொண்ணு குடுக்கிற எடத்துல கேப்பாங்க” என்றார் ஐனூசன்.

எழுத்தில் கொடுத்தோம். அவருடைய ஐயத்தைத் தீர்க்கும் பொருட்டும், விலையை முன்னிட்டும், ஓட்டூ சின்ன டிரம்மைத் திருடினார் என்று ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த இருவரில் நான் ஒருவன் என்பதை நீங்கள் அறிய வேண்டும். குறிப்பேட்டில் எழுதியதும் நான்தான்.

ஆனால் அவர் தரப்பைக் கேட்காமல் சாவியை வாங்குவது முறையில்லை என்று போதகர் சொல்லிவிட்டார். விசாரணை ஜூன் 29. அவருக்கு ஆதரவாக ஏதாவது கிடைத்தால் நல்லது. அறுபத்தாறு வயது.

உங்கள் சான்றிதழ் ஞாபகப் பிசகா, வேறு ஏதாவதா? அதையாவது எழுதுங்கள்.

தம்பி,
ஏக்கோ


குமாசி,
25 மே 1996

தம்பி ஏக்கோவுக்கு,

மலேரியா. இப்போது எழுந்து உட்காருகிறேன். அராபாவுக்கு எழுத நேரமில்லை.

ஞாபகப் பிசகு என்றே வைத்துக்கொள்.

அன்றைக்கு ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் ஒவ்வொருவனும் கையில் இருந்ததோடு ஓடினான். யாரும் யோசித்துச் செய்ததில்லை. நான் மறுநாள் முதல் பஸ்ஸில் குமாசி வந்துவிட்டேன். நிலைமை சரியானதும் திரும்பலாம் என்றுதான். அதற்குள் ஊரில் வேறு பேச்சு ஆகிவிட்டது. பேச்சு ஆனபிறகு ஒரு மனிதன் எப்படித் திரும்புவான்? ஓட்டூ பூட்டியது எதுவும் காணாமல் போகவில்லை. இதை நீ கமிட்டியில் சொல்லலாம். யார் சொன்னது என்று வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். பழைய வழக்கப்படி, தப்புச் செய்தவன் பொருளையும் திருப்பி, ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயமும் வைத்தால், உங்கள் கமிட்டி ஏற்குமா? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

அண்ணன்,
கோபினா


செகண்டி,
4 ஜூன் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு தேறியது அறிந்து நிம்மதி. பப்பாளி இலைக் கஷாயம் குடிக்கவும். இங்கே மழை.

ஓட்டூ பூட்டியது எதுவும் காணாமல் போகவில்லை என்ற வாக்கியத்தைக் கமிட்டியில் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று விதமாக விவாதித்தார்கள். முடிவில் அது பூட்டுக்கு ஆதரவாக இருக்கிறது, ஓட்டூவுக்கு அல்ல என்று தலைவர் கருதினார்.

உங்கள் பொதுவான கேள்விக்குத் தலைவரின் பதிலை அப்படியே தருகிறேன். “சபை மதுவைத் தொடாது. ஆனா வழக்கம் வழக்கம்தான். யார் புட்டியோட வந்து நிக்கிறானோ அவன்தான் தப்புச் செஞ்சவன். அவன் வாயைத் திறக்க வேண்டியதே இல்ல. புட்டியை வாங்கிட்டா மன்னிச்சாச்சு. மேற்கொண்டு கேள்வி கேக்கிறது மரியாதை இல்ல.” புட்டியைப் பிறகு என்ன செய்வது என்று திருமதி எஜியிர் கேட்டார். கமிட்டி அதைத் தனியாக ஆராயும்.

29ஆம் தேதி நீங்கள் நேரில் வர முடியுமா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதருக்கு அறை தங்கும் என்று தோன்றுகிறது. பஸ் காலை ஐந்துக்குக் குமாசியில் புறப்படுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வீட்டில் என் எவுராமா சோள மாவுக் கென்கேயும் வறுத்த மீனும் செய்வதாகச் சொல்கிறாள்.

தம்பி,
ஏக்கோ


குமாசி,
24 ஜூன் 1996

தம்பி ஏக்கோவுக்கு,

வர முடியாது. கடையில் ஒரு என்ஜின் இறங்குகிறது. ஆள் இல்லை.

எவுராமாவுக்கு நன்றி சொல். ரேடியோவை அலமாரியில் வைத்துவிட்டோம். இப்போது சத்தம் இல்லாமல் கேட்கிறது. அராபாவுக்கு அது பிடிக்கவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறதாம்.

ஓட்டூவிடம் நான் விசாரித்ததாகச் சொல். எங்களுக்குள் அதிகம் பேச்சு தேவைப்பட்டதில்லை. நான் குச்சியை உயர்த்தினால் அவர் ஊதுவார். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

அண்ணன்,
கோபினா


செகண்டி,
9 ஜூலை 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணியின் முழங்காலுக்கு ஷியா வெண்ணெய் நல்லது என்று எவுராமா சொல்கிறாள். கொஞ்சம் அனுப்புகிறோம்.

விசாரணை நடந்தது. அதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஓட்டூ வந்தார். இரண்டு கையிலும் சாமான். ஒரு கையில் சாக்குத் துணி சுற்றிய வட்டமான ஒன்று. மறு கையில் ஷ்னாப்ஸ் புட்டி. இரண்டையும் மேசையில் வைத்தார். சாக்கைப் பிரித்ததும் முத்துச்சிப்பி நிறம். எட்டுத் திருகு, ஒன்று நீளம். தலைவர் தொண்டையைச் செருமினார். டிரம் சரசரத்தது.

“ஐயா, இது நேத்து குமாசி பஸ்ஸுல என் பேருக்கு வந்துச்சு. பார்சல் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்தேன். உள்ள கடிதம் இல்ல. புட்டியும் கூடவே வந்துச்சு. எல்லாம் சபை முன்னால வச்சிடறேன்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் திருமதி எஜியிர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் எழுந்து, புட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“போதும், மிஸ்டர் ஓட்டூ. மேற்கொண்டு ஒரு வார்த்தை வேண்டாம்.”

“இல்லீங்க, நான் சொல்ல வந்தது...”

“சொல்லவே வேண்டாம். எங்களுக்குப் புரிஞ்சுது. இவ்வளவு வருஷம் குமாசியில பத்திரமா வச்சிருந்து, இன்னிக்குக் கொண்டுவர ஒரு தைரியம் வேணும். சபை உங்களை மன்னிக்குது.”

எல்லாரும் எழுந்து கைகொடுத்தார்கள். தாமதிக்காமல் கொடுத்தார்கள். ஐந்துக்கு இரண்டாக இருந்த தீர்மானம் ஏகமனதாக மாற்றி எழுதப்பட்டது. கைகளை எண்ணியவன் நானாகையால் என் கையை உயர்த்தினேனா என்று நினைவில்லை.

எல்லாரும் போனபிறகு ஓட்டூ சாக்கைக் கையில் எடுத்து, அதன் மேல் கறுப்பு மையில் எழுதியிருந்த தன் பெயரை இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுத்து உள்ளே போகும்படி சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

“உங்க அண்ணன் நல்லா இருக்கானா?”

“மலேரியா வந்து தேறிட்டார். உங்களை விசாரிச்சார்.”

“வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன்.

தொகுதி இப்போது முழுமையாகிவிட்டது. டாக்ஸி ஓட்டும் மருமகன் ஒன்பது லட்சம் பெறும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக வாசித்தார்கள். தகரக் கூரைச் சபையிலிருந்து பதினாறு பேர் திரும்பி வந்தார்கள். போதகர் பிரசங்கம் செய்யும்போது சின்ன டிரம் சரசரப்பதால் அதன் மேல் ஒரு துணி போடுவதென்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது.

மன்னிக்கப்பட்டவரானாலும் திருட்டை ஒப்புக்கொண்டவரிடம் சாவி இருக்கக் கூடாது என்று சபை விதி இருக்கிறது. ஓட்டூ சனிக்கிழமை ஆக்ஸிமில் உள்ள மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினார். மூன்று சாவிகளும் என்னிடம் இருக்கின்றன.

தம்பி,
ஏக்கோ பென்ட்சில்